வெட்டியது எது, ஏன்? மாணவர் காணொளிவழி ஊடக எழுத்தறிவைக் கற்பிக்கையில் தோன்றும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

மலேசியாவின் பினாங்கிலுள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5, ஆண்டு 6 மாணவர்களைக் காணொளி தயாரிக்க வைத்து, அதன்வழி ஊடக எழுத்தறிவைக் கற்பித்து வருகிறேன். அந்த வகுப்புகளில் நான் சந்தித்த கோளாறுகளை அறிகுறிவாரியாக இங்கே எழுதுகிறேன். இதை முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டியதில்லை. உங்கள் வகுப்பில் தெரியும் அறிகுறியைத் தேடி அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம். நான்கைந்து பேர் கொண்ட குழு, குழுவுக்கு ஒரு கருவி, அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகளாக வாரத்திற்கு 60 நிமிடம், மொத்தம் நான்கு வாரம் என்ற அளவை மனத்தில் கொண்டே எல்லா வழிமுறைகளையும் அமைத்திருக்கிறேன். மாணவர் கைப்பேசியைப் பள்ளிக்குக் கொண்டுவர இடமில்லை என்பதால், கருவி என்று நான் குறிப்பிடுவது பள்ளியின் தட்டைக் கணினியை அல்லது ஆசிரியரின் கைப்பேசியை.

எந்தப் பகுதிக்குச் செல்வதற்கு முன்னும் ஒரு சோதனையைச் செய்து பாருங்கள். குழுத் தலைவரை விட்டுவிட்டு, அதிகம் பேசாத ஒரு மாணவரை அழைத்து, "நீங்கள் படம்பிடித்தும் காணொளியில் சேர்க்காமல் விட்ட காட்சி எது? அதை ஏன் விட்டீர்கள்?" என்று கேளுங்கள். அரை நிமிடத்திற்குள் ஒரு காரணம் வந்துவிட்டால், உங்கள் சிக்கல் கருவியிலோ நேரத்திலோ இருக்கிறது. அதை எளிதில் சரிசெய்யலாம். அந்த மாணவர் மற்றவர்களின் முகத்தைப் பார்த்தால், வேறு எந்த அறிகுறி கண்ணில் பட்டாலும் கீழுள்ள முதல் பகுதியிலிருந்தே தொடங்குங்கள்.

அறிகுறி: காணொளி அழகாக இருக்கிறது, அதைப் பற்றி மாணவரால் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை

முதல் ஆண்டில் எனக்கு நேர்ந்தது இதுதான். மறுசுழற்சியைப் பற்றி மாணவர்கள் நான்கு நிமிடக் காணொளி ஒன்றைச் செய்தார்கள். இசை இருந்தது, எழுத்துகள் சுழன்று வந்து நின்றன, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கைதட்டல் கிடைத்தது. மறுநாள் வகுப்பில், "அந்தக் குப்பைத்தொட்டியை ஏன் அவ்வளவு கிட்டத்தில் காட்டினீர்கள்?" என்று கேட்டேன். "நீங்கதான் டீச்சர் அப்படி எடுக்கச் சொன்னீங்க" என்றாள் ஒரு மாணவி. அவள் சொன்னது உண்மை. பேச வேண்டியதை நான் எழுதினேன், கோணத்தை நான் சொன்னேன், எது முதலில் வர வேண்டும் என்பதையும் நானே முடிவு செய்தேன். பிள்ளைகள் பொத்தானை மட்டும் அழுத்தினார்கள்.

இதற்குக் காரணங்கள் இரண்டு. முடிவுகள் ஆசிரியரின் கையில் இருப்பது ஒன்று. இருக்கும் நேரம் முழுவதும் படத்தொகுப்புச் செயலியைப் பழகுவதிலேயே கரைந்துபோவது மற்றொன்று. 1982ஆம் ஆண்டு ஜெர்மனியின் குரூன்வால்டில் யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில் 19 நாடுகளின் பேராளர்கள் ஊடகக் கல்வி குறித்து ஒரு பிரகடனத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஊடகப் படைப்புகளை ஆராய்வதும், ஊடகத்தைக் கொண்டு தாமே படைப்பதும் ஒரே பாடத்திட்டத்தில் சேர்ந்து இருக்க வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டது. நாம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றைச் செய்துவிட்டு, மற்றது தானாக வந்து சேரும் என்று நம்பிவிடுகிறோம்.

தீர்வு, தயாரிப்பைக் குறைப்பதில் தொடங்குகிறது. முதல் வாரம் மாணவர் எதையும் படம்பிடிக்க வேண்டாம். ஓய்வு நேரத்துச் சிற்றுண்டிச்சாலையில், முகங்கள் அடையாளம் தெரியாதவாறு, தலா 5 விநாடி அளவில் 12 காட்சிகளை நீங்களே எடுத்து வையுங்கள்: நீண்ட வரிசை, நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலங்கள் அடுக்கிய தட்டு, தரையில் சிந்திய தண்ணீர், நிரம்பிய மேசை, காலியான மேசை, ஒரே பொட்டலத்தைப் பகிரும் இரு கைகள், சுவர்க் கடிகாரம், குழாயடி, நிரம்பி வழியும் குப்பைத்தொட்டி என்று எதிரெதிர் உணர்வு தருபவையாக அவை இருக்கட்டும். 12 காட்சிகளும் எல்லாக் குழுக்களுக்கும் கிடைக்கும். ஆனால் ஆறு மட்டுமே பயன்படுத்தலாம், மொத்தம் 30 விநாடி. பேச்சு, இசை, எழுத்து எதுவும் கூடாது. ஒவ்வொரு குழுவுக்கும் மடித்த தாளொன்றைக் கொடுங்கள். பாதிக் குழுக்களின் தாளில் "நம் சிற்றுண்டிச்சாலை மகிழ்ச்சியான இடம்" என்றும், மற்றவற்றில் "நம் சிற்றுண்டிச்சாலையில் இடம் போதவில்லை" என்றும் எழுதியிருக்கட்டும்.

ஒரு குழுவின் காணொளியைப் பார்த்து மற்றக் குழுக்கள் அதன் தாளில் என்ன எழுதியிருந்தது என்று ஊகிக்க வேண்டும். பெரும்பாலும் சரியாகவே ஊகித்துவிடுகிறார்கள். அப்போது கேட்க வேண்டிய கேள்வி: "யாராவது பொய் சொன்னார்களா? எல்லாக் காட்சியும் உண்மைதானே. பின் எப்படி இரண்டு சிற்றுண்டிச்சாலைகள் வந்தன?" இந்தக் கேள்விக்குப் பின் வகுப்பு சிறிது நேரம் அமைதியாக இருக்கும். அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடாதீர்கள். ரஷ்ய இயக்குநர் லெவ் குலெஷோவ் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நடிகரின் அசைவற்ற முகத்தை ஒருமுறை சூப் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும், ஒருமுறை ஒரு பெண்ணோடும் ஒட்டிக் காட்டினார். மாறாத அந்த முகத்தில் பார்வையாளர் வெவ்வேறு உணர்ச்சிகளைக் கண்டார்கள் என்பது திரைப்பட வகுப்புகளில் பாலபாடம். பதினொரு, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் அதே உண்மையை நாசி லெமாக்கை வைத்துத் தாமே கண்டடைகிறார்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து ஒவ்வொரு குழுவும் ஒரு வெட்டுக் குறிப்பேடு வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முக்கிய வெட்டுக்கும் மூன்று வரி போதும்: எதை வைத்தோம், எதை விட்டோம், விட்டதைச் சேர்த்திருந்தால் பார்ப்பவர் என்ன நினைத்திருப்பார். மூன்றாம் வரியைத்தான் பிள்ளைகள் தவிர்க்கப் பார்ப்பார்கள். அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "காலி மேசையைச் சேர்த்தால் நாங்கள் சொல்வது பொய்யாகிவிடும்" என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அந்த ஒரு வரிக்காக நான்கு வாரத்தையும் செலவிடலாம் என்பது என் கருத்து.

அறிகுறி: குழுவில் ஒருவரே எல்லாவற்றையும் செய்கிறார்

அந்த ஒருவர் வீட்டில் தட்டைக் கணினி உள்ள பிள்ளையாக இருப்பார். மற்றவர்கள் சோம்பேறிகள் அல்லர். விரல் வேகத்தில் அவர்களால் போட்டியிட முடியவில்லை, அவ்வளவுதான். ஆகவே வேலையைத் திரையிலிருந்து தாளுக்கு மாற்றுங்கள். ஒவ்வொரு காட்சியிலிருந்தும் ஒரு நிலைப்படத்தை எடுத்து, ஒரு தாளுக்கு 12 என அச்சிட்டுக் கொடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டி, மேசையில் வரிசையாக அடுக்கி, குழுவில் அனைவரும் ஒப்புக்கொண்டு தாளின் பின்புறம் கையெழுத்திட்ட பிறகே கருவியைத் தொடலாம். கருவியில் தொகுக்கும்போது 10 நிமிடத்திற்கு ஒருமுறை கை மாற வேண்டும். தாளில் அடுக்கும் கட்டத்தில் மிகக் கூர்மையாகப் பேசுபவர், வீட்டில் கருவி எதுவும் இல்லாத பிள்ளையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அறிகுறி: எல்லாக் காணொளிகளும் "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கி, "மறக்காம சப்ஸ்கிரைப் பண்ணுங்க" என்று முடிகின்றன

இதைக் குறை என்று எண்ணித் திருத்தப் புறப்படும் ஆசிரியர் ஒரு நல்ல பாடத்தை இழக்கிறார். பிள்ளைகள் வலையொளியில் (யூடியூப்) நாள்தோறும் பார்ப்பதை அப்படியே செய்து காட்டுகிறார்கள். அவர்கள் எந்த வடிவத்துக்குள் வளர்கிறார்கள் என்பதற்கு அதுவே சான்று. முதலில் அந்த வடிவத்தைப் பிரித்துப் பார்க்க வைக்க வேண்டும்.

மாணவர் விரும்பிப் பார்க்கும் ஒரு காணொளியின் முதல் 60 விநாடியை ஓடவிட்டு, காட்சி மாறும் ஒவ்வொரு முறையும் தாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். பிறகு அதே 60 விநாடியை ஒலியின்றி ஓடவிடுங்கள். அதன்பின் படத்தை மறைத்து, ஒலியை மட்டும் கேட்கவிடுங்கள். எத்தனை கோடு விழுந்தது, இசை எங்கே நின்றது, பேசுபவர் எந்த இடத்தில் மூச்சு விட்டார் என்று கேட்டால், வேகம் என்பது தற்செயலாக அமைந்ததன்று என்பது அவர்களுக்கே புரிந்துவிடும். அடுத்து, இந்தக் காணொளியால் யாருக்குப் பணம் வருகிறது என்ற கேள்வி. தகுதி பெற்ற வலையொளித் தடங்கள் 8 நிமிடமோ அதற்கு மேலோ நீளும் காணொளிகளின் நடுவில் விளம்பரம் வைக்கலாம். 2020ஆம் ஆண்டுக்கு முன் அந்த வரம்பு 10 நிமிடமாக இருந்தது. இதைச் சொன்னவுடன், தாம் பார்ப்பவற்றில் எத்தனை 8 நிமிடத்தைச் சற்றே தாண்டுகின்றன என்று வீட்டில் எண்ணிப் பார்த்து வருகிறார்கள். நான் இந்த வேலையை வீட்டுப்பாடமாகக் கொடுத்ததே இல்லை. ஆனாலும் ஒவ்வோராண்டும் யாரேனும் ஒருவர் பட்டியலோடு வந்து நிற்கிறார்.

இதற்குள் மறைந்திருக்கும் இன்னோர் அறிகுறியையும் கவனியுங்கள். ஓய்வு நேரத்தில் "பசாருக்குப் போனோம்", "டவுன்ல பார்த்தேன்" என்று இயல்பாகப் பேசும் பிள்ளை, கேமரா முன் நின்றவுடன் சென்னைத் தொலைக்காட்சியின் செய்தி வாசிப்பாளரைப் போல் குரலை உயர்த்துகிறது. ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். "அப்படிப் பேசினாத்தான் டீச்சர் நம்புவாங்க" என்றாள். நான்கு சொற்களுக்குள் அவள் ஊடக ஆய்வின் பெரிய கேள்வி ஒன்றைத் தொட்டுவிட்டாள்: யாருடைய குரலை நாம் நம்பத் தகுந்ததாகக் கொள்கிறோம்? அந்தக் குழுவை ஒரே செய்தியை இரண்டு குரலில் பதிவு செய்ய வைத்தேன். ஒன்று செய்தி வாசிப்புக் குரல், மற்றொன்று அத்தையிடம் சொல்வதைப் போன்ற குரல். இரண்டையும் கீழ்வகுப்புப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டி, எதை நம்புகிறீர்கள் என்று கேட்டு வரச் சொன்னேன். உங்கள் வகுப்பில் என்ன விடை வருகிறது என்று பாருங்கள். விடை எதுவாக இருந்தாலும் பேச நிறைய இருக்கும்.

பிரித்துப் பார்த்த பிறகு, ஒரே ஒரு சுற்றுக்கு மட்டும் கட்டுப்பாடு விதிக்கலாம்: முகம் காட்டாமல், இசை இல்லாமல், 40 விநாடி. அடுத்த சுற்றில் கட்டுப்பாட்டை நீக்கிவிடுங்கள். தெரிந்தே "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்குகிற பிள்ளையைத் தடுக்க வேண்டியதில்லை.

கருவிக் கோளாறுகள்

இவற்றை ஒன்றாகத் தொகுத்துச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

குரல் கேட்கவில்லை, காற்றாடி இரைச்சல்தான் கேட்கிறது: காற்றாடியை நிறுத்துங்கள், கருவியைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு முழத்துக்குள் கொண்டு வாருங்கள். கேமரா தொலைவில் இருக்க வேண்டுமானால், இரண்டாவது கைப்பேசியொன்றைப் பேசுபவரின் முன்னுள்ள மேசையில் ஒலிப்பதிவுக்காக மட்டும் வைத்து, இரண்டும் ஓடத் தொடங்கியவுடன் ஒருமுறை கைதட்டச் சொன்னால், தொகுக்கும்போது அந்தக் கைதட்டலை வைத்துப் பொருத்திவிடலாம். தகரக் கூரையில் மழை பெய்தால் அன்று பேட்டி எடுக்காதீர்கள்.

படத்தின் குறுக்கே கருங்கோடுகள் உருள்கின்றன: நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி கொண்டது, குழல் விளக்கு அதற்கேற்ப விநாடிக்கு 100 முறை மினுங்குகிறது. விநாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம்) எடுக்கும் கேமரா அதனோடு ஒத்துப்போகாதபோது கோடுகள் தோன்றும். கேமரா அமைப்பில் 25 சட்டகத்தையோ, 50 ஹெர்ட்ஸ் மினுங்கல் தடுப்பையோ தேர்ந்தெடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுச் சன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

தமிழ் எழுத்துகள் உடைகின்றன, கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன: சில படத்தொகுப்புச் செயலிகள் தமிழ் எழுத்துருவைச் சரியாகக் கோக்கமாட்டா. தலைப்பை வேறொரு செயலியில் தட்டச்சு செய்து, படமாகச் சேமித்து, அந்தப் படத்தைக் காணொளியில் செருகுவதே நம்பகமான வழி. தானியங்கித் துணைத்தலைப்பை நம்பி விடாதீர்கள். ஆனால் அது செய்யும் பிழைகளை மாணவரைக் கொண்டு எண்ண வைப்பது நல்ல பயிற்சி.

அனுப்பிய காணொளி மங்கிப்போகிறது: புலனத்தில் (வாட்ஸ்அப்) காணொளியாக அனுப்பினால் அது அழுத்திச் சிறியதாக்கப்படும்; ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது. பெரிய கோப்புகளுக்குப் கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளமான டெலிமாவில் பள்ளிக்குள்ள கணக்கின் சேமிப்பகத்தைப் பயன்படுத்துங்கள். வகுப்புத் திரைக்கு 720 தரமே போதும். 1080 தரத்தில் எடுத்தால் கோப்பின் அளவு ஏறத்தாழ இருமடங்காகி, தட்டைக் கணினி இரண்டாம் வாரமே நிரம்பிவிடும்.

அறிகுறி: "எல்லாமே பொய்தான் டீச்சர்" என்று மாணவர் சொல்லத் தொடங்குகிறார்

பொய்ச் செய்தியைப் பற்றிய பாடத்தை ஆர்வத்தோடு நடத்திய ஆசிரியருக்குத்தான் இது நேரும். தொடர்ந்து போலிகளை மட்டுமே காட்டினால், போலியைப் பிரித்தறியும் திறனுக்குப் பதிலாக எதையும் நம்பாத மனநிலைதான் வளரும். எதையும் நம்பாதவர் எல்லாவற்றையும் நம்புபவரைப் போலவே எதையும் சோதித்துப் பார்க்கமாட்டார். இதை நான் மிகுந்த கவலைக்குரிய அறிகுறியாகக் கருதுகிறேன், ஏனென்றால் இது கெட்டிக்காரத்தனத்தைப் போலத் தோற்றமளிக்கும்.

மருந்து, உண்மையானவற்றைச் சோதித்து உறுதிசெய்யும் அனுபவம். நான்கு படங்களைக் கொடுத்தால் அவற்றில் குறைந்தது இரண்டு உண்மையாக இருக்க வேண்டும். 2017ஆம் ஆண்டு நவம்பர் தொடக்கத்தில் பினாங்கு பெருவெள்ளத்தில் மூழ்கியதை ஒவ்வொரு குடும்பமும் நினைவில் வைத்திருக்கிறது. மழைக் காலம் வந்தாலே வெள்ளப் படங்கள் புலனக் குழுக்களில் வலம் வரும். அவற்றில் இன்றைய படம் எது, பழைய படம் எது, வேறு நாட்டுப் படம் எது என்று பிரிப்பதே பயிற்சி. கூகுள் லென்ஸ் என்ற படத்தேடல் கருவியில் தேடுவதற்கு முன் கண்ணால் தேடச் சொல்லுங்கள். வாகன எண் எந்த எழுத்தில் தொடங்குகிறது? பினாங்கு வண்டியானால் 'பி', கெடாவானால் 'கே', பேராக் வண்டியானால் 'ஏ'. கடைப் பலகை எந்த மொழிகளில் இருக்கிறது? வாகனங்கள் இடப்பக்கம் ஓடுகின்றனவா? தொலைவில் ஜார்ஜ்டவுனின் கொம்தார் கோபுரம் தெரிகிறதா, தெரிந்தால் எந்தத் திசையிலிருந்து எடுத்திருக்க வேண்டும்? அதன்பின், 2017இல் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம் தொடங்கிய, செய்திகளின் உண்மையைச் சரிபார்க்கும் 'செபெனார்ஞா' தளத்தில் அந்தச் செய்தி பற்றிய விளக்கம் உள்ளதா என்று பார்க்கலாம்.

இதைக் காணொளியாக்கும்போது, கண்டுபிடித்த விடையைவிடக் கண்டுபிடித்த வழியையே மாணவர் படம்பிடிக்க வேண்டும்: எந்தத் தடயம் உதவியது, எது ஏமாற்றியது, எந்த இடத்தில் கருத்து மாறியது. "இது உண்மைதான், எங்களால் உறுதிசெய்ய முடிந்தது" என்று கேமராவைப் பார்த்துச் சொல்லும் வாய்ப்பு ஒவ்வொரு குழுவுக்கும் ஒருமுறையாவது கிடைக்கட்டும்.

அறிகுறி: பயிற்சிக்காகச் செய்த போலிச் செய்தி பள்ளிக்கு வெளியே பரவிவிட்டது

போலி எப்படி உருவாகிறது என்று புரிய வைக்க, மாணவரையே ஒரு போலிச் செய்தியைத் தயாரிக்கச் சொல்லும் பயிற்சி பல இடங்களில் வழக்கத்தில் உள்ளது. என் வகுப்பிலும் செய்தேன். புகைமூட்டத்தால் நாளை பள்ளி விடுமுறை என்று ஒரு குழு மிக நேர்த்தியாகச் செய்தது. அதைப் பெருமையோடு குடும்பப் புலனக் குழுவுக்கு ஒரு பிள்ளை அனுப்பிவிட்டான். அன்றிரவே பெற்றோர்கள் தொலைபேசியில் அழைக்கத் தொடங்கினார்கள்.

இது உங்களுக்கு இப்போது நேர்ந்திருந்தால், முதலில் அனுப்பியவரைக் கொண்டே "அனைவருக்கும் நீக்கு" என்பதை அழுத்த வையுங்கள்; புலனத்தில் அதற்கு இரண்டு நாளுக்குச் சற்றுக் கூடுதலான அவகாசம் உண்டு. அடுத்து, தாமதமின்றித் தலைமையாசிரியரிடம் சொல்லிவிடுங்கள். மூன்றாவதாக, செய்தி சென்ற அதே குழுக்களில், "இது வகுப்புப் பயிற்சி, பள்ளி வழக்கம்போல் நடைபெறும்" என்ற தெளிவான மறுப்பு தமிழிலும் மலாயிலும் போக வேண்டும். மறுப்பில் அந்தக் காணொளியை மீண்டும் இணைக்காதீர்கள். பிள்ளையைச் சபைகூடலில் நிறுத்திக் கண்டிக்க வேண்டாம். அவன் செய்ததற்கு ஆசிரியரே பொறுப்பு. அன்று நான் அப்படித்தான் அவன் பெற்றோரிடம் சொன்னேன்.

மீண்டும் நேராதிருக்க, நான் இப்போது பொய்யைத் தயாரிக்கச் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, மாணவர் எடுத்த ஓர் உண்மையான 10 விநாடிக் காட்சிக்கு மூன்று வெவ்வேறு தலைப்புகளை எழுத வைக்கிறேன். காட்சி மாறாமல் பொருள் மாறுவதை அதிலேயே காணலாம். போலி செய்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள், பினாங்கின் கொடிமலையில் பனி பொழிந்தது என்பதைப் போல யாருக்கும் தீங்கில்லாத, நடக்க முடியாத செய்தியைத் தேர்ந்தெடுங்கள். பள்ளி விடுமுறை, நோய், உணவு, இனம், சமயம், பெயர் குறிப்பிடத்தக்க மனிதர்கள் ஆகியவற்றை அறவே தவிர்த்துவிடுங்கள். "பயிற்சி" என்ற சொல் காணொளி முழுவதும் திரையின் நடுவே இருக்க வேண்டும். மூலையில் இருந்தால் யாரும் நறுக்கிவிடலாம். தவறான தகவலைத் தீய நோக்கத்தோடு பரப்புவதை 1998ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் 233ஆம் பிரிவு குற்றமாக்குகிறது என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி வைப்பது நல்லது.

அறிகுறி: மாணவர் செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய காணொளியைக் கொண்டுவருகிறார்

மூலக் காட்சிகளைக் கேளுங்கள். ஒவ்வொரு குழுவும் வெட்டப்படாத காட்சிகளை ஒரு தனிக் கோப்புறையில் வைத்திருக்க வேண்டும் என்பதை முதல் நாளே விதியாக்கிவிட்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழுவதில்லை. எழுந்தால், அந்தக் காணொளியை நிராகரிக்காமல், அதற்கும் வெட்டுக் குறிப்பேட்டின் மூன்று வரிகளை எழுதச் சொல்லுங்கள். "எதை விட்டீர்கள்?" என்ற கேள்விக்கு அங்கே விடை இருக்காது; விடை இல்லாததை மாணவரே கண்டுகொள்வார்.

அறிகுறி: பளபளப்பான காணொளிக்கே மதிப்பெண் போய்ச் சேர்கிறது

மதிப்பெண்ணில் பாதியை வெட்டுக் குறிப்பேட்டுக்கும், கால் பங்கை வாய்மொழி விளக்கத்துக்கும், மீதமுள்ள கால் பங்கை மட்டும் காணொளிக்கும் ஒதுக்குங்கள். திரையிடுவதற்கு முன்பே குறிப்பேட்டைப் படித்து மதிப்பெண் இட்டுவிடுங்கள்; பார்த்த பிறகு இட்டால் இசை நம்மையும் மயக்கிவிடுகிறது.

அறிகுறி: பேட்டி கொடுத்தவர், "நான் சொன்னது இது இல்லையே" என்கிறார்

மேலுள்ள கோளாறுகள் பெரும்பாலும் வகுப்புக்குள் முடிந்துவிடும். இது ஒரு மனிதரின் மனத்தைத் தொடுவதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெற்றோரின் எழுத்து ஒப்புதலோடு ஒரு குழுவை ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவுக்கு அழைத்துச் சென்றேன். பல ஆண்டுகளாகப் பூக்கட்டி விற்கும் ஒரு பாட்டியிடம், வியாபாரம் முன்பு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது என்று மாணவர் கேட்டார்கள். அவர் சொன்னார்: "முன்ன மாதிரி இல்ல கண்ணு. அப்பெல்லாம் பத்து மணிக்குள்ள கூடை காலியாயிடும். இப்ப சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். ஆனா எனக்கு வருத்தமில்ல. மூணு பிள்ளைங்களையும் இந்தக் கூடைதான் படிக்க வெச்சுது." குழு "உட்கார்ந்திருக்கேன்" என்ற சொல்லோடு வெட்டி, அடுத்து ஆளில்லாத தெருவொன்றை ஒட்டி, சோகமான புல்லாங்குழல் இசையைச் சேர்த்து, "அழியும் பூக்கடை" என்று தலைப்பிட்டது. பார்த்த எல்லாரும் நெகிழ்ந்தோம். நானும் பாராட்டினேன்.

அடுத்த வாரம் தட்டைக் கணினியில் பாட்டியிடம் காட்டினோம். முழுவதும் பார்த்துவிட்டு, "இது நான்தான். ஆனா நான் சொன்னதுல பாதிதானே இருக்கு, தம்பி" என்றார். கோபம் இல்லை, குரல் மட்டும் சற்றுத் தாழ்ந்திருந்தது. தொகுத்த மாணவன் தலையைக் குனிந்துகொண்டான்.

காரணம் தீய எண்ணம் இல்லை. சோகம் கவரும் என்பதை அவர்கள் பார்த்த காணொளிகள் கற்றுக் கொடுத்திருக்கின்றன. சரிசெய்ய நாங்கள் நான்கு விதிகளை வகுத்துக்கொண்டோம். விடையோடு அதற்குரிய கேள்வியும் காணொளியில் கேட்க வேண்டும். "ஆனா" என்று தொடங்கும் வாக்கியத்தை வெட்டி எறியக் கூடாது; ஒருவர் தம் கருத்தைத் திருத்திக்கொள்ளும் இடம் பெரும்பாலும் அதுவே. சூழலைக் காட்டும் காட்சி பேட்டி எடுத்த அதே நேரத்தில் எடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். அந்த ஆளில்லாத தெரு, கடைகள் திறப்பதற்கு முன் எடுத்தது. வகுப்பில் திரையிடுவதற்கு முன் பேட்டி கொடுத்தவரிடம் காட்ட வேண்டும், அவர் வேண்டாம் என்றால் திரையிடக் கூடாது.

மறுதொகுப்பில் காணொளி 34 விநாடியிலிருந்து 47 விநாடியாக நீண்டது. தலைப்பு "கூடை" என்று மாறியது. குழுவில் ஒரு மாணவி மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "இப்ப சோகமா இல்லையே டீச்சர், யார் பார்ப்பாங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை அப்படியே வெண்பலகையில் எழுதி, அந்தப் பாடவேளை முழுவதையும் அதற்கே கொடுத்தேன்.

இரண்டு வடிவங்களையும் அடுத்த ஆண்டு மாணவருக்கு ஒப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது என் விருப்பமாக இருந்தது. இதைவிடச் சிறந்த பாடப்பொருள் எனக்குக் கிடைக்கப் போவதில்லை. பாட்டியிடம் அனுமதி கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "ரெண்டாவதை மட்டும் காட்டுங்க" என்றார். அன்று மாலையே, குழுவினர் ஐவரும் சூழ்ந்து நிற்க, முதல் வடிவத்தைத் தட்டைக் கணினியிலிருந்தும் சேமிப்பகத்திலிருந்தும் அழித்தோம். அழிக்கும் பொத்தானை அழுத்தியது, அதைத் தொகுத்த மாணவன்.